டாக்டர் வீட்டுக் காரும் மார்கழிப் பனியும்

சவரிமுத்து அண்ணன் முதுகிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. விடிய இன்னும் நேரம் இருந்தது. காரின் முன்னால் குனிந்து ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றி அவருடைய காக்கிச் சட்டை நனைந்துபோயிருந்தது. அதன்மேல் பனிக்காற்று பட்டு, என் கையிலிருந்த டார்ச் வெளிச்சத்தில், இட்லிப் பானையிலிருந்து எடுத்த துணியைப் போல அந்தச் சட்டை புகைந்தது.

"இன்னொரு தபா சுத்தட்டா?" என்றார்.

"கொஞ்சம் நில்லுண்ணே."

"நான் நிப்பேன் தம்பி. ஐயா எழுந்து வந்தா அவர் நிக்கமாட்டாரு. மூணு நாள்தான் கீது எனக்கு."

மூன்று நாள் என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அதற்குள் இந்தக் கார் விடியற்காலையில் ஏன் கிளம்பவில்லை என்று கண்டுபிடிக்காவிட்டால் அவர் வேலை போய்விடும். வெறும் வேலை போனால்கூட வேறு வீடு பார்த்துக்கொள்வார். ஆனால் பெட்ரோல் திருடினான் என்ற பெயரோடு போகவேண்டியிருந்தது.

மதராஸில் குளிர்

மதராஸில் ஏது குளிர் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் மார்கழியில் மயிலாப்பூரில் மோட்டார் ரிப்பேர் செய்து பார்த்ததில்லை.

குளிர் என்றுகூடச் சொல்லமுடியாது. பனி. கடல் பக்கத்திலிருந்து ராத்திரியெல்லாம் இறங்கி, விடியும்போது கதவுப் பிடி, சைக்கிள் சீட்டு, வாழையிலை எல்லாவற்றின்மேலும் ஈரமாக உட்கார்ந்திருக்கும். தெருவில் பஜனை போகிறவர்கள் தலையில் மஃப்ளர் கட்டியிருப்பார்கள். வாசலில் கோலம் போடும் பெண்கள் விரல் நடுங்கி இழை கோணிப்போனதாகச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த ஒரு மாதம் எங்கள் ஷெட்டில் கூட்டமாக இருக்கும். பாட்டரி இறங்கிவிட்டது, சோக் கம்பி இறுகிவிட்டது, பிளக் நனைந்துவிட்டது என்று டிரைவர்கள் வந்து நிற்பார்கள். முக்கால்வாசிப் பேருக்கு பிளக்கைக் கழற்றி, பக்கத்து டீக்கடை அடுப்பின்மேல் தகரத்தை வைத்து, அதில் சுட்டுத் திரும்ப மாட்டினால் போதும். டீக்கடைக்காரர், "தோசைக்கு மாவு தீர்ந்துபோச்சு, இத்தயாவது வாங்கிக்கினு போங்க" என்று தம் வாடிக்கைக்காரர்களிடம் அந்தப் பிளக்குகளைக் காட்டுவார்.

என் பெயர் மாணிக்கம், அந்த ஷெட்டில் மெக்கானிக். வயது இருபத்தாறோ இருபத்தேழோ. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. காரோடு வரும் இங்கிலீஷ் புத்தகத்தில் படங்களை மட்டும் பார்ப்பேன். படத்தில் இருப்பது கையில் புரியும். வாயால் எடுத்துச் சொல்லச் சொன்னால்தான் கஷ்டம். கார் சொந்தக்காரர் எதிரே வந்து நின்றால் நான் காருக்கு அடியில் போய்விடுவேன். பதில் சொல்ல முதலாளி இருந்தார்.

கூப்பன் புத்தகம்

சண்டைக்காலம் அது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்திருந்தது. கார்களின் முன்விளக்குகளுக்குப் பாதிக்குமேல் கறுப்புப் பூசியிருக்கும். பெட்ரோலுக்கு அளவு வைத்துவிட்டார்கள். கூப்பன் இல்லாவிட்டால் ஒரு சொட்டு கிடைக்காது.

பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கொதிகலன். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு இறங்கிப்போய்க் கம்பியால் கரியைக் கிளறிவிட்டு வருவார். அடையாற்றுப் பாலம் ஏறும்போது, "கொஞ்சம் எறங்கிக்கோங்க நைனா, பாலம் தாண்டி ஏறிக்கலாம்" என்பார். வெள்ளை வேட்டியோடு ஏறியவர்கள் சாம்பல் வேட்டியோடு இறங்குவார்கள்.

டாக்டர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் உண்டு. எங்கள் டாக்டர் கோயில் குளத்துக்கு மேற்கே ஒரு காம்பவுண்டு வீட்டில் இருந்தார். ஒல்லியான மனிதர். பேசினால் நாலு வார்த்தை. அவருடைய பெட்ரோல் கூப்பன் புத்தகம் அவரிடம் இருக்காது. சவரிமுத்து அண்ணனின் சட்டைப் பையில், மெழுகுத் துணியில் சுற்றி, ஜெபமாலையோடு சேர்ந்து இருக்கும். பெட்ரோல் போடும் இடத்தில் மற்ற டிரைவர்கள் எஜமானிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு நிற்பார்கள். இவர் புத்தகத்தையே எடுத்து நீட்டுவார். அப்போது அவர் தலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

சாந்தோம்காரர். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் டிரைவர். மாதா கோயில் பாதிரியார் தம் கையால் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு வந்து சேர்ந்தவர். அந்தக் கடிதத்தை டாக்டர் இன்னும் மேசை டிராயரில் வைத்திருந்தார்.

கிளம்பாத கார்

அந்த மார்கழியில் டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் விடியற்காலை முறை வந்தது. அதற்குமுன் ஒன்பது மணிக்கு மேல்தான் வெளியே போவார். ஐப்பசி மழையில் கார் இரண்டொரு தரம் முரண்டு பிடித்ததுண்டு. மழைமேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் மறந்துவிட்டோம்.

மார்கழி பிறந்து முதல் நாள் கால்மணி நேரம் ஹாண்டில் போட்டபிறகு கிளம்பியது. மறுநாள் அரைமணி. மூன்றாம் நாள் கிளம்பவே இல்லை. டாக்டர் மடியில் பையை வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் போனார். போய்ச் சேர்வதற்குள் ஒரு பிரசவம் சிக்கலாகிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் ஏன் இவ்வளவு தாமதம் என்று அந்தப் பெண்ணின் வீட்டார் கேட்டது அவருக்கு உறைத்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போய் ஸெல்ஃப் ஸ்டார்ட்டரைத் தொட்டேன். ஒரே இழுப்பில் கார் கிளம்பி, பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதேதான். விடியற்காலையில் கிளம்பாது. வெயில் வந்து, நானும் வந்தால் கிளம்பிவிடும். பிளக்கைச் சுட்டேன். பாட்டரி மாற்றிப் பார்த்தேன். சோக் சரியாக இருந்தது. ஒன்றும் பிடிபடவில்லை.

டாக்டருக்கு ஒன்று பிடிபட்டது. அந்தத் தெருவிலேயே ஒரு டிரைவர் எஜமானின் பெட்ரோலை விற்றுவிட்டு டாங்கில் கிரசின் கலந்து மாட்டிக்கொண்டிருந்தான். கிரசின் கலந்த கார் சூட்டில் கிளம்பும், குளிரில் கிளம்பாது. யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான் டாங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டேன். நல்ல பெட்ரோலானால் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்து பறந்துவிடும். கிரசின் இருந்தால் கை பிசுபிசுக்கும், சோப்புப் போட்டாலும் வாடை போகாது. என் கை சில்லிட்டுக் காய்ந்தது. சுத்தமான பெட்ரோல். கையை டாக்டரிடம் நீட்டினேன்.

அவர் முகர்ந்து பார்த்தார். "சரி, இப்ப நன்னாத்தான் இருக்கு. நீ வரதுக்குள்ள மாத்தியிருப்பான்."

"ஐயா" என்றார் சவரிமுத்து அண்ணன்.

"நீ பேசாதே. நீ மட்டும் இருக்கறச்சே கிளம்ப மாட்டேங்கறது. இவன் வந்தா கிளம்பறது. நான் வைத்தியம் பண்றவன். நோய் எப்ப வரது, எப்ப போறதுன்னு பார்த்தாலே காரணம் தெரிஞ்சுடும்." பிறகு குரலை உயர்த்தாமல், "கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் நீ வேற இடம் பாத்துக்கோ. கூப்பன் புஸ்தகத்தை இங்க வச்சுட்டுப் போ" என்றார்.

அண்ணன் பையிலிருந்து எடுத்தார். ஜெபமாலை மெழுகுத் துணியில் சிக்கிக்கொண்டது. அதைப் பிரிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் காரின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் காய்ச்சல்

இங்கே என் பழைய காய்ச்சல் ஒன்றைச் சொல்லவேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு நடுக்கத்தோடு குளிர்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சாயங்காலம் ஆனால் பல் கிட்டிப்போகும். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வேலைக்குப் போவேன். அண்ணன்தான் என்னை இந்த டாக்டரிடம் அழைத்துப்போனார்.

காலையில் போய் நின்றேன். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப வந்து என்ன பிரயோஜனம்? நடுங்கறபோது வா. அப்பதான் ரத்தத்துல தெரியும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் நடுங்கிக்கொண்டு போனேன். விரலைக் குத்தி ரத்தம் எடுத்து, என்ன காய்ச்சல் என்று சொல்லி, கொய்னா மாத்திரை கொடுத்தார்.

கூப்பன் புத்தகம் கைமாறிய அன்று ஷெட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தச் சொல் ஞாபகம் வந்தது. நான் காரை நல்ல வேளையிலேயே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்குகிற வேளையில் அது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அப்படித்தான் இருட்டோடு எழுந்து, முதலில் சொன்ன அந்த இடத்துக்குப் போய் டார்ச்சோடு நின்றேன்.

நீலப் புழு

டார்ச்சுக்கு பாட்டரி கிடைக்காத காலம். சுற்றுகிற வேலைக்கு வெளிச்சம் எதற்கு என்று அணைத்தேன். கீற்றுக் கொட்டகைக்குள் மையிருட்டு. பானெட் ஒரு பக்கம் திறந்திருந்தது.

"இப்ப சுத்துண்ணே."

அண்ணன் சுற்றினார். இஞ்சினின் ஓரத்தில் நீலமாக ஒன்று ஊர்ந்தது.

"இன்னொரு தபா."

திரும்பவும் ஊர்ந்தது. புழுவைப் போல, நெளிந்து நெளிந்து, சின்னதாக 'சட் சட்' என்று சத்தம் போட்டுக்கொண்டு. மோட்டார் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இஞ்சினில் கறுப்பாக ஒரு மூடி இருக்கும். மின்சாரம் அதன் நடுவில் வந்து இறங்கி, நாலு பிளக்குகளுக்கும் முறைவைத்து நாலு வயர் வழியாகப் போகும். அந்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் மூடியின்மேலேயே ஒரு வயரிலிருந்து இன்னொரு வயருக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு இஞ்சின் எப்படிக் கிளம்பும்? பகல் வெளிச்சத்தில் இது கண்ணுக்கே தெரியாது.

டார்ச்சைப் போட்டேன். மூடியின் நடுவில், வயர்களுக்கு இடையே, எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். பனி இறங்கி ஊறி, இப்போதுதான் வைத்த மாதிரி ஈரமாக இருந்தது.

அந்தப் பொட்டை எனக்குத் தெரியும். நான்தான் வைத்தேன்.

ஆயுத பூஜையன்று டாக்டர் கார் எங்கள் ஷெட்டில் நின்றிருந்தது. எல்லோரும் டயருக்கும் விளக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வைப்பார்கள். நான் பானெட்டைத் திறந்து இந்த மூடிக்கும் வைத்தேன். இஞ்சினுக்கு முகம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று எனக்கு ஓர் எண்ணம். சந்தனத்தை ஷெட் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தோம். வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர் அது. உப்பு காய்ந்து கிடந்தாலும் பனியைக் கண்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் மின்சாரத்துக்கு வழிவிடும். வெயில் ஏறினால் காயும். ஒன்பது மணிக்கு நான் வருவேன்.

மூடியைச் சுற்றி மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பொட்டை மட்டும் விட்டுவிட்டு ஓரம் ஓரமாகத் துடைத்திருந்தது.

"தினம் தொடைப்பியாண்ணே?"

"தினம்தான். ஏன்?"

"இத்த ஏன் வுட்டுட்ட?"

"சாமிக்கு வெச்சதாச்சே தம்பி. நான் வேதக்காரன். என் கையால அழிச்சா நல்லாவா இருக்கும்? டாக்டர் வீட்டம்மா பாத்தா இன்னா நெனப்பாங்கோ?"

துணியைப் பெட்ரோலில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். அண்ணன் ஹாண்டிலைத் தொட்டார். அரைச் சுற்றில் கார் கிளம்பிவிட்டது.

நாக்கு எழவில்லை

சத்தம் கேட்டு டாக்டர் சால்வையோடு வெளியே வந்தார். காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நெனைச்சேன்" என்றார். "நீ வந்து காவல் நின்னதும் கிளம்பிடுத்து பாத்தியா?"

இப்போது சொல்லவேண்டும். பொட்டு வைத்தது நான்தான் என்ற ஒரே ஒரு வாக்கியம். நான் குனிந்து துணியை மடித்தேன். அண்ணன் என்னைப் பார்க்காமல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஏறி உட்கார்ந்தார். கார் போய்விட்டது. கையில் மஞ்சளும் சிவப்புமாகக் கறைபட்ட துணியோடு நான் கொட்டகையில் நின்றேன்.

கார் சரியாகிவிட்டது, இனி தினமும் கிளம்பும், டாக்டர் கோபம் தானாக ஆறிவிடும் என்று அன்று பகலெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலையில் அண்ணன் ஷெட்டுக்கு வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மாசக் கடைசிவரைக்கும் இருந்துட்டுப் போன்னுட்டார். கிறிஸ்மஸ் ஆச்சேன்னு எரக்கப்பட்டாராம்."

"வண்டிதான் சரியாப் போச்சே."

"அதான் கஷ்டம். சரியாப் போனதால, நான்தான் இத்தினி நாள் கெடுத்தேன்னு ஆயிப்போச்சு."

நான் தரையைப் பார்த்தேன். "நான் போய்ச் சொல்லிடறேன்."

"நீ?" என்று சிரித்தார். "டீ வேணும்னு கேக்கவே உனக்கு அரைமணி ஆவும். வேணாம் தம்பி. சொன்னா உங்க முதலாளி உன்ன வெச்சிருப்பாரா?" டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "வேல போவட்டும். பாதிரியார் கடுதாசி ஐயா டிராயர்ல கீது. அத்தத் திருப்பிக் குடுப்பாரே, வாங்கிக்கினு கோயில்ல போய் இன்னான்னு சொல்றது? அதான் தெரியல."

அவர் போனபிறகு ஷெட்டின் பூஜை மாடத்திலிருந்து சந்தனக் கட்டையை எடுத்தேன்.

திரும்பவும் ஒரு பொட்டு

மறுநாள் பொழுது சாய டாக்டர் வீட்டுக் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பானெட்டைத் திறந்து, கிணற்றுத் தண்ணீரில் குழைத்த சந்தனத்தை அதே இடத்தில், அதே அகலத்துக்கு வைத்தேன். மேலே குங்குமம்.

"இன்னா பண்ற நீ?"

"நாளைக்குக் காலைல கிளம்பாது."

"அடப்பாவி, நல்லா ஓடற வண்டிய!" பிறகு என் முகத்தைப் பார்த்தார். துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "கிளம்பிட்டா?" என்று கேட்டார்.

ராத்திரி முழுக்க அந்தக் கேள்வியோடுதான் படுத்திருந்தேன். பனி இறங்காமல் போகலாம். ஒருநாள் பொட்டு பழைய பொட்டைப் போல ஊறாமல் போகலாம்.

விடியற்காலையில் புல் நனைந்திருந்தது. அண்ணன் சுற்றினார். இஞ்சின் இரண்டு தரம் இருமியது. கிளம்பப்போவது மாதிரி குலுங்கியது. பிறகு அடங்கிவிட்டது. எத்தனை சுற்றியும் அசையவில்லை. என் வாழ்க்கையில் ஒரு கார் கிளம்பாததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தரம்தான்.

டாக்டர் வேகமாக வந்தார். "இன்னிக்கும் ஆரம்பிச்சாச்சா?"

"ஐயா, இங்க வந்து பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. டார்ச்சை அணைத்தேன். "சுத்துண்ணே."

டாக்டர் குனிந்தார். நீலப் புழு ஊர்ந்தது. அவர் இன்னும் குனிந்தார். நான் டார்ச்சைப் போட்டுப் பொட்டைக் காட்டினேன். துணியால் துடைத்தேன். அண்ணன் ஒருதரம் சுற்றினார். கார் கிளம்பியது.

டாக்டர் என் கையிலிருந்த துணியை வாங்கிப் பார்த்தார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"இதை யார் வச்சது?"

"நான்தாங்க. நேத்தும் நான்தான். ஆயுத பூஜைக்கும் நான்தான். உப்புத் தண்ணியில கொழைச்சது, பனியில ஊறிப்போவுது." அதோடு வார்த்தை தீர்ந்துவிட்டது.

டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ தினம் துடைக்கறியே, இதை ஏன் எடுக்கலை?"

"நம்ம கையால எப்டிங்கய்யா சாமி பொட்ட" என்று ஆரம்பித்து, அண்ணன் முடிக்கவில்லை.

டாக்டர் உள்ளே போய்விட்டார். பையை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது ஒரு கையில் பை இருந்தது. இன்னொரு கையில் மெழுகுத் துணி சுற்றிய கூப்பன் புத்தகம் இருந்தது. அதை அண்ணனின் சட்டைப் பையில் அவரே வைத்து, விழாமல் இருக்கிறதா என்று மேலே ஒருதரம் அழுத்திப் பார்த்தார்.

"நாழியாச்சு, எடு" என்றார்.

கார் திரும்பும்போது கண்ணாடியை இறக்கினார். "மாணிக்கம், கார்த்தால வந்து பாக்கணும்னு ஒனக்கு யாருப்பா சொன்னா?"

"நீங்கதாங்க. என் காய்ச்சலுக்கு."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. கறுப்புப் பூசிய விளக்கு, வெளிச்சம் போதவில்லை.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு வாரம் திட்டினார். இனிமேல் பூஜைக்கு அம்மன் கோயில் தெரு நல்ல தண்ணீரில்தான் குழைக்கவேண்டும் என்று சட்டம் போட்டார். கிறிஸ்மஸுக்கு மறுநாள் அண்ணன் ஒரு பித்தளைத் தூக்கு நிறையக் கல்கல் பலகாரம் கொண்டுவந்து டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். டீக்கடைக்காரர்தான் அதில் பாதி தின்றார்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் டாக்டர் கார் வந்தது. நான் சந்தனக் கிண்ணத்தோடு கிட்டே போகவே தயங்கினேன். அண்ணன்தான், "வெய்யி தம்பி, சாமிய கோவிச்சுக்கினா எப்டி" என்று பானெட்டைத் திறந்துவிட்டார். டயருக்கு வைத்தேன். விளக்குகளுக்கு வைத்தேன். ஸ்டியரிங்குக்கு வைத்தேன். நான் சுற்றி வந்து முடிக்கும் வரையில், ஒரு குழந்தையின் தலையில் கை வைப்பதைப் போல, அந்தக் கறுப்பு மூடியின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார்.